பாயார்த் தீவின் கலங்கிய நீர்

லங்காவிக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், மலாக்கா நீரிணையின் வடக்கு வாயிலில், நான்கு சிறு தீவுகள் இருக்கின்றன: பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங். நான்கில் பெரியது பாயார். அதுவும் சுமார் 2 கிலோமீட்டர் நீளம், கால் கிலோமீட்டர் அகலம்தான். அங்கே ஊர் இல்லை, குடி இல்லை, இரவு தங்க விடுதி இல்லை. முக்குளிக்க வருகிறவர்கள் லங்காவியின் குவாவிலோ பந்தாய் செனாங்கிலோ தங்கி, காலையில் படகேறிப் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். கெடா மாநிலத்தில் பவளப்பாறையை அதன் இடத்திலேயே பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிட்டால் சொல்லிக்கொள்ளும்படி வேறு இடம் இல்லை.

முக்குளிப்பாளர்களிடையே பாயாருக்குப் பெரிய பெயர் கிடையாது. கிழக்குக் கரையின் ரெடாங், பெர்ஹெந்தியான், சபாவின் சிப்பாடான் ஆகியவற்றைப் பார்த்தவர்கள், "தண்ணீர் கலங்கல்" என்ற இரண்டு சொற்களில் இதை ஒதுக்கிவிடுவார்கள். கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று அடித்துத் தீவுகள் மூடிக் கிடக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் மாற்று இடமாகத்தான் பலருக்குப் பாயார் நினைவுக்கு வருகிறது. குறை உண்மைதான். நல்ல நாளில் பத்து மீட்டருக்குச் சற்று அப்பால் வரை கண் எட்டும். கெட்ட நாளில் நீட்டிய கையைத் தாண்டிச் சில மீட்டரோடு பார்வை நின்றுவிடும். இந்தக் கலங்கல் எங்கிருந்து வருகிறது, அதற்குள் பவளம் எப்படி உயிர் வாழ்கிறது, அதற்கும் கெடாவின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கும் அங்கே மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த தமிழருக்கும் என்ன தொடர்பு என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். பாயாரின் கதையைச் சுற்றுலாக் கதையாக மட்டும் சொல்லிவருவதால் அதன் பாதி விடுபட்டுப் போகிறது என்பது என் கருத்து.

முதலில் பவளத்தைப் பார்ப்போம். பவளம் கல்லைப் போலத் தெரிந்தாலும் அது சின்னஞ்சிறு விலங்குகளின் கூட்டுக்குடி. பாறை கட்டும் கல்பவளத்தில் ஒவ்வோர் உயிரின் திசுவுக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. ஆகவே கல்பவளத்துக்கு ஒளிதான் சோறு. தெளிந்த கடலில் முப்பது நாற்பது மீட்டர் ஆழத்திலும் பவளப்பாறை செழிக்கும். கலங்கிய கடலில் ஒளி மேலேயே தங்கிவிடுவதால் பாறையும் மேல்நோக்கி ஒடுங்கிவிடுகிறது. பாயாரில் நல்ல பவளம் பெரும்பாலும் ஆழமற்ற பகுதியில் ஒண்டிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

ஒளிக் குறைவோடு வண்டல் படிவதும் சேர்ந்துகொள்கிறது. மேலே படியும் சேற்றைப் பவளம் கோழைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து வழித்துத் தள்ளுகிறது. அந்தச் சுரப்புக்குச் செலவாகும் ஆற்றல் வளர்ச்சியிலும் இனப்பெருக்கத்திலும் குறைகிறது. இளம் பவளத்தின் நிலை இன்னும் கடினம். நீரில் மிதந்து வரும் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளச் சுத்தமான கடினத் தளம் வேண்டும். மெல்லிய சேற்றுப் படலம் போதும், அவை ஒட்டாமல் போக. இவ்வளவு தடையையும் தாங்கிய இனங்களே பாயாரில் நிலைத்திருக்கின்றன. குன்றுபோல் திரண்டு வளரும் போரைட்டீஸ் அத்தகையது. தீவின் தென்மேற்கு முனையில் 'கோரல் கார்டன்' என்று முக்குளிப்பாளர் அழைக்கும் இடத்தில் பாறைச் சுவர்கள் மீது மென்பவளங்கள் ஊதாவும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்திருக்கின்றன. அவற்றுக்கு நுண்பாசியின் தயவு தேவையில்லை. நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்று வாழ்பவை அவை. எந்தச் சத்து நிறைந்த நீர் கல்பவளத்தின் ஒளியை மறைக்கிறதோ, அதே நீர் இவற்றுக்கு உணவு கொண்டுவருகிறது. தெளிந்த நீரைத் தேடிப் போகிறவர்கள் பார்க்கத் தவறும் அழகு இது.

காச்சாத் தீவுக்கு அருகே, பறிமுதல் செய்யப்பட்ட மீன்பிடிப் படகுகளை மீன்வளத் துறை செயற்கைப் பாறையாக மூழ்கடித்திருக்கிறது. பெரிய கலவாய் மீன்கள் அந்த மரச்சட்டங்களுக்குள் குடிபுகுந்துவிட்டன. பாயாரின் கடற்கரை ஓரத்தில், முழங்கால் அளவு நீரில், கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் சுற்றித் திரியும். மனிதரை அவை ஒன்றும் செய்வதில்லை. முன்பு பார்வையாளர்கள் அவற்றுக்கு மீன்துண்டுகளை வீசுவது வழக்கமாக இருந்தது. கடல் பூங்காவில் மீன்களுக்கு உணவு போடக் கூடாது என்பது இப்போது விதி. நல்ல விதி.

பாயாரைப் பற்றிய ஆய்வு வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1982இல் டி சில்வா, ரிட்சுவான் இருவரும் இத்தீவுகளின் பவளப்பாறைகளை ஆராய்ந்து எழுதினார்கள். 1985இல் மலேசியா மீன்வளச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்கீழ் 1994இல் வந்த ஆணை, தீவைச் சுற்றி இரண்டு கடல் மைல் வரையுள்ள நீரைக் கடல் பூங்காவாக்கியது. அந்த ஆணையில் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலிருந்து இடம்பெற்ற தீவுக் கூட்டம் இது ஒன்றே. இதற்குள் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. 1987இல் லங்காவி தீர்வையற்ற தீவானதும் பயணிகள் பெருகினார்கள். 1980களின் இறுதியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர் வந்துபோன பாயாருக்கு, 1990களின் நடுவில் ஏறத்தாழ 90,000 பேர் வந்தார்கள். ஒரு சிறு தீவின் ஒற்றைக் கடற்கரை எத்தனை பேரைத் தாங்கும் என்பதை லிம் லி சிங் ஆராய்ந்தார். அந்த அறிக்கையை 1998இல் வெளியிட்டது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம். பவளத்தை மிதித்தல், படகு நங்கூரம், கழிவு, குவியும் கூட்டம் ஆகிய அனைத்தையும் அது பேசியது. அடுத்த ஆண்டில் நுழைவுக் கட்டணமாக 5 ரிங்கிட் வந்தது. பார்வையாளர்கள் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கவும் மனமாக இருக்கிறார்கள், சராசரியாக ஏறத்தாழ 16 ரிங்கிட், என்று இயோ பீ ஹோங்கின் ஆய்வு காட்டியது. பவளத்துக்குப் பணமதிப்பு வைத்துப் பார்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் அரசு அலுவலகங்களில் காதுகொடுத்துக் கேட்கப்படும் மொழி அதுதான் என்பதால் அவ்வகை ஆய்வுகள் தேவைப்படுகின்றன.

இவ்வளவு அக்கறையும் பார்வையாளர்மீதே குவிந்திருக்கிறது. காலால் மிதிக்காதே, கையால் தொடாதே, இரை போடாதே, குப்பை போடாதே. எல்லாம் சரி. ஆனால் வண்டல் படகேறி வருவதில்லை. அதற்குச் சீட்டுக் கிடையாது, இரண்டு கடல் மைல் எல்லையும் கிடையாது.

கெடாவின் மண் கடலுக்குப் போவது புதிய கதையல்ல. தமிழர் கடாரம் என்று அறிந்த துறைமுகப் பகுதி, 1,217 மீட்டர் உயர்ந்த குனோங் ஜெராய் மலையின் தெற்கே, மெர்போக் ஆற்றுப் படுகையில் இருந்தது. சோழமண்டலத்திலிருந்து கிழக்கே வந்த கப்பல்களுக்கு முதலில் கண்ணில் படும் அடையாளம் அந்த மலை. 1025இல் ராஜேந்திர சோழனின் படை வந்ததும் அந்தக் கரைக்கே. இன்று அதே வட்டாரத்தின் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுத்த துறைகளைப் பார்க்கப் போகிறவர் வயலுக்கும் சதுப்புக்கும் நடுவே நிற்கிறார். கடல் அங்கிருந்து தள்ளிப் போய்விட்டது. புவித்தொல்லியல் ஆய்வாளர் ஜேன் ஆலன் 1980களின் இறுதியில் இதற்கு முன்வைத்த விளக்கம் ஆழமானது: மேட்டு நிலங்களில் காடழித்ததால் அரித்துச் சென்ற மண் ஆற்று முகங்களில் படிந்து, கரை கடலுக்குள் முன்னேறி, துறைமுகங்கள் இடம் மாறின. அந்தப் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த இரும்பு உருக்குக் களங்களை இந்த விளக்கத்தோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம். இரும்பை உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். கடாரத்தை வென்றது சோழர் என்று பெருமையோடு சொல்கிறோம். அந்தத் துறையை மூடியது மண் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

பல நூற்றாண்டுகள் கழித்து அதே பகுதியில் இன்னொரு பெரும் காடழிப்பு நடந்தது. 1909இல் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து கெடா பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அதையொட்டிய ஆண்டுகளில் கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. காட்டை வெட்டி எரித்து, சரிவுகளில் ரப்பர் நட்டவர்கள் திருச்சி, தஞ்சை, சேலம், தென்னார்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகக் கப்பலேறி வந்த தமிழர்கள்.

அக்காலத்துத் துரைமார் தோட்டத்தில் ஒரு புல் இருப்பதையும் பொறுக்கவில்லை. லாலாங் புல் நுழைந்துவிட்டால் இளமரத்தை நெருக்கிவிடும் என்ற அச்சம். எனவே மரத்தடியைத் துடைத்துவிட்டது போல் வைத்திருக்க வேண்டும் என்பது நிர்வாக விதியானது. மண்வெட்டியோடு நிரையில் நின்று புல் செதுக்குவது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் உரிய வேலை. பால்வெட்டைவிடக் கூலி குறைவு. நாளெல்லாம் குனிந்தே செய்ய வேண்டும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாட்டில், சரிவு நிலத்தை இப்படி மொட்டையாக வைத்திருந்ததன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. மேல்மண் கரைந்து ஓடையில் இறங்கியது. வேர்கள் வெளியே தெரிந்தன. மண் போன இடத்தில் பாலும் குறைந்தது.

இதிலிருந்து தோட்டத் துறை பாடம் கற்றது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சமமட்டக் கோட்டில் படிக்கட்டு வெட்டுவது, சரிவில் ஓடிவரும் நீரை நிறுத்தி மண்ணை வடிகட்டக் குழிகள் தோண்டுவது, பியுரேரியா, கலபகோனியம், சென்ட்ரோசீமா போன்ற அவரையினக் கொடிகளை மூடுபயிராகப் பரப்புவது ஆகியவை படிப்படியாக வழக்கத்துக்கு வந்தன. 1920களின் நடுவில் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இவற்றை வலியுறுத்தியது. நன்றாகப் பராமரித்த பழைய ரப்பர்த் தோட்டம், கீழே கொடியும் மேலே நிழலுமாக, மண்ணை ஓரளவு பிடித்துவைத்திருந்தது. இந்தக் குழிகளையும் தோண்டியது அதே கைகள்தாம். மண்காப்பு வரலாற்றில் விஞ்ஞானிகளின் பெயர்கள் இருக்கின்றன. சரிவில் நின்று குழி தோண்டியவர்கள் கூலிப் பதிவேட்டின் எண்களாக நின்றுவிட்டார்கள். இது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

பிறகு செம்பனை வந்தது. செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுக்கொருமுறை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். மரம் சாய்ந்து, மூடுபயிர் படர்ந்து நிலத்தை மூடும்வரை உள்ள காலமே மண்ணுக்கு மிக ஆபத்தான காலம். கனமழை அந்த இடைவெளியில் பெய்தால், பல ஆண்டு அரிப்பு ஒரு பருவத்தில் நடந்துவிடும். வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே மூடுபயிர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

புல் செதுக்கும் மண்வெட்டியின் இடத்தைக் களைக்கொல்லி பிடித்துக்கொண்டது. முதுகில் மருந்துத் தோம்பு சுமந்து பாராகுவாட் தெளித்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழ்ப் பெண்கள். நகம் உதிர்ந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது என்று அவர்கள் சொன்னவற்றை ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் தெனாகனித்தா அமைப்பு ஆவணமாக்கிப் போராடியது. மலேசியாவில் பாராகுவாட் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2020 ஜனவரி 1 முதல்தான். அந்த நஞ்சின் இயல்பு மண்துகளோடு இறுக ஒட்டிக்கொள்வது. நஞ்சு தங்கிய மண் பெண்களின் கால்விரல் இடுக்கிலும் இருந்தது, ஓடை நீரிலும் இருந்தது. உடலையும் ஆற்றையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்துப் பார்த்ததால்தான் இரண்டையும் காக்க இவ்வளவு காலம் ஆயிற்று.

மூடா, மெர்போக், கெடா ஆறுகள் கொண்டுவரும் வண்டல் நேரே பாயாருக்குப் போய்ச் சேர்வதில்லை. முதலில் கரையோர ஆழமற்ற பகுதியில் தங்கும். பிறகு அலையும் ஏற்றவற்றமும் பருவக்காற்றும் அதைக் கிளப்பிக் கிளப்பி நீரிணை முழுவதும் பரப்பும். சுமத்திரா ஆறுகளின் வண்டலும் இந்தக் குறுகிய, ஆழமற்ற கடலில் சேர்கிறது. ஆகவே பாயாரின் கலங்கலுக்கு ஒரு தோட்டத்தையோ ஓர் ஆற்றையோ குற்றவாளியாக நிறுத்த முடியாது. ஆனால் அந்தக் கலங்கலில் நிலத்தின் பங்கு கூடும்போது இயற்கையாகவே விளிம்பில் வாழும் பவளத்துக்கு மூச்சுவிட இடம் குறைகிறது. கடல் சூடாகும் ஆண்டுகளில் இது இன்னும் கடுமையாகும். வெப்பம் மிஞ்சினால் பவளம் தன் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் உலகெங்கும் பெரும் வெளுப்பு நிகழ்ந்தது. 2010இல் ரெடாங், தியோமான் தீவுகளின் சில முக்குளிப்பு இடங்களை மலேசியா மூடியது. கலங்கிய நீர் வெயிலை மறைத்து வெளுப்பைச் சற்றுத் தணிக்கக்கூடும் என்று அண்மைக்கால ஆய்வுகள் சில சொல்கின்றன. அது பவளம் பழகிய அளவிலான இயற்கைக் கலங்கலுக்குப் பொருந்தும். நிலத்திலிருந்து கொட்டும் சேற்றுக்கு அதை அனுமதிச் சீட்டாகக் கொள்ளக் கூடாது.

ரப்பருக்கும் கெடாவின் கடலுக்கும் இன்னொரு நேரடித் தொடர்பும் உண்டு. மலேசியாவின் செயற்கைப் பாறைத் திட்டம் 1975இல் கெடாவின் தெலோர்த் தீவருகே தொடங்கியது. மீன்வளத் துறை அங்கே கடலில் இறக்கியது பழைய டயர்கள். இழுவை மடிகளால் வறண்டுவந்த கரையோரக் கடலில் மீனுக்குத் தங்குமிடம் அமைப்பது நோக்கம். உலகெங்கும் அன்று அதுவே நல்ல யோசனையாகக் கருதப்பட்டது. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தை நடத்தியது அமெரிக்க டயர் நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனம். கெடாவின் மரத்தில் வெட்டிய பால் உலகின் சாலைகளில் உருண்டது. சாலையில் தேய்ந்த டயர், கடைசியில் கெடாவின் கடலடியிலும் இறங்கியது. புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கடலில் 1970களில் இதே நோக்கத்தோடு போட்ட ஏறத்தாழ இருபது லட்சம் டயர்களின் கட்டுகள் பின்னாளில் அறுந்து, அலையில் உருண்டு, அருகிலிருந்த இயற்கைப் பவளத்தையே நொறுக்கின. அவற்றை அள்ளும் வேலை பல ஆண்டுகளாக நடந்தது. மலேசியா பின்னர் கான்கிரீட், பீங்கான் போன்ற பொருள்களுக்கும் மூழ்கடித்த படகுகளுக்கும் மாறியது சரியான திருத்தம்.

இனிச் சட்டம். மலேசிய அரசியலமைப்பின்படி நிலமும் ஆறும் காடும் மாநில அரசின் கையில். கடல் பூங்காவின் நீர் மத்திய அரசின் கையில். பாயாரில் கரைமேல் நிற்பவர் மாநில மண்ணில் நிற்கிறார், நீரில் இறங்கியதும் மத்திய அரசின் பூங்காவுக்குள் போகிறார். பூங்கா அதிகாரி ஒரு படகோட்டியைத் தண்டிக்க முடியும். மூடா ஆற்றின் தலைப்பகுதியில் காடு வெட்டப்படுவதையோ, சுங்கை பட்டாணியில் ஒரு குன்று தோண்டப்படுவதையோ தடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. சரிவு நிலங்களுக்கென 1960இன் நிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைச் செயல்படுத்த வேண்டியது மாநில நிர்வாகம். அதன் கணக்கில் பவளம் இல்லை.

மாநிலத்தின் நிலத்துக்கும் மத்திய அரசின் கடலுக்கும் நடுவே நிற்பது மெர்போக் முகத்துவாரத்தின் சதுப்பு நிலக்காடு. இனவகையில் செழித்த அந்தக் காட்டின் வேர்கள் ஆற்றின் வேகத்தைக் குறைத்து வண்டலைத் தம்மிடம் தங்கவைக்கின்றன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கோத்தா கோல மூடா மீனவக் கிராமங்களைத் தாக்கிய பின், கரையோரக் காட்டின் மதிப்பை எல்லோரும் சில காலம் பேசினார்கள். இறால் பண்ணைக்காக அந்தக் காட்டின் ஓரங்களை வெட்டும்போது பாயார் நினைவுக்கு வருவதில்லை. கெடாவின் பவளத்துக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய வடிகட்டி அதுதான். அதைக் காப்பதற்குத் தரும் ஒவ்வொரு ரிங்கிட்டும் தீவில் வைக்கும் அறிவிப்புப் பலகையைவிடப் பயன் தரும் என்று நான் நம்புகிறேன்.

கெடாத் தோட்டத் தமிழருக்குக் கடல் எப்படி இருந்தது? மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்த பரதவரின் மரபு தமிழருக்கு உண்டு. ஆனால் தோட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வயலை நம்பிய உள்நாட்டு மக்கள். அவர்கள் அறிந்த கடல் ரஜூலா போன்ற கப்பல்களின் மேல்தளத்தில் கிடந்து கடந்த கடல். பினாங்கில் இறங்கி, ஜெரெஜாக் தீவில் தொற்றுத்தடுப்புக் காவலில் கிடந்து, அங்கிருந்து தோட்டத்தின் லயக் குடியிருப்புக்குப் போனபின் பலர் மறுபடி கடலைப் பார்க்கவில்லை. ஜெராய் மலைமேல் ஏறினால் கண்ணுக்குத் தெரியும் நீலத்தை, இடையே இருந்த பெரட்டு எனும் காலை வருகைக் கணக்கும் கூலியும் எட்டாத தொலைவில் வைத்தன.

இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு லங்காவிக்குப் போகிறார்கள். சிலர் மிதப்புச் சட்டை மாட்டிக்கொண்டு பாயாரில் இறங்கி, முகக்கண்ணாடி வழியே முதன்முறையாகப் பவளத்தைப் பார்க்கிறார்கள். கெடாவின் தோட்டப்புறங்களில் தமிழ்ப்பள்ளிகள் பல இருக்கின்றன. அவற்றின் பிள்ளைகளுக்கு அறிவியல் ஆசிரியர் ஒருவர் மழைநாளில் செம்பனைச் சரிவில் ஓடும் செந்நீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, படியவிட்டு, எடை போட்டுக் காட்டலாம். அதே வகுப்பை மெர்போக் சதுப்புக்கும், முடிந்தால் பாயாருக்கும் அழைத்துப் போகலாம். அதற்குப் புதிய நிறுவனம் தேவையில்லை, ஒரு பேருந்தும் ஒரு படகும் போதும். மூன்று இடத்து நீரையும் ஆண்டுதோறும் அளந்து பதிவுசெய்தால், பத்தாண்டில் அந்தப் பள்ளிகளிடம் மாநில நிர்வாகத்தின் மேசைமேல் வைக்கத்தக்க ஒரு கணக்கு இருக்கும்.